பின்சீட்டில் சித்தப்பா

1

விருத்தாசலத்தில் என் பெயரில் ஒரு கார் இருக்கிறது. வெள்ளை நிறம், டீசல். ஜெர்மனிக்கு வந்து முதன்முதலாகக் கையில் தங்கிய பணத்தில் அப்பாவுக்காக வாங்கியது. இந்த ஆவணியோடு அதற்குப் பதினைந்து வயது. பதினைந்து ஆகிவிட்டால் நம்மூரில் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் தலைமுழுக வேண்டும்.

நான் இருப்பது பவேரியாவில் ஒரு சிற்றூர். கழிவறைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. விருத்தாசலத்தில் படித்த பீங்கான் டிப்ளமோதான் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது. என்னோடு வேலை செய்பவர்கள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை காரை மாற்றிவிடுவார்கள். "நீ ஏறவே ஏறாத ஒரு கிழட்டு வண்டிக்கு எதற்கு வருஷா வருஷம் பணம் அனுப்புகிறாய்?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்பாள். ரொம்ப நம்பகமான வண்டி, ஒருநாளும் வழியில் நின்றதில்லை என்பேன். அது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் நான் அதை வைத்திருக்கவில்லை.

வந்த புதிதில் தொண்டை வலி என்று ஒரு டாக்டரிடம் போனேன். ஜெர்மன் மொழியில் தொண்டைக்கு 'ராஹென்', பழிவாங்குவதற்கு 'ராஹெ'. கடைசி எழுத்தை முழுங்கிவிட்டேன். "ஒரு வாரமாக என் பழிவாங்கல் வலிக்கிறது" என்று சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்காமல், "வாயைத் திறங்கள், பார்க்கலாம்" என்றார். என் மகள் இனியா இதைத் தோழிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். டாக்டர் சரியான இடத்தில்தான் விளக்கடித்துப் பார்த்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

2

அப்பாவும் அவருடைய தம்பி தண்டபாணி சித்தப்பாவும் சேர்ந்து தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறை நடத்தினார்கள். மீட்டர் பெட்டிக்குள் இருக்குமே ஃபியூஸ் கட்டை, அது செய்வார்கள். சூளையும் சரக்கும் அப்பாவின் பொறுப்பு. ஆர்டர் பிடிப்பது, வெளியூர் போவது சித்தப்பாவின் பொறுப்பு. அதனால் பட்டறைக்கென்று வாங்கிய சாம்பல் நிறக் கார் சித்தப்பா வீட்டு ஷெட்டில்தான் நிற்கும். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

நான் டிப்ளமோ முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில், நானும் அம்மாவும் பட்டறையில் இருந்தபோது, சூளையிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்தார். வாய் கோணிக்கொண்டது, வலது கை தொங்கிவிட்டது, வாந்தி வாந்தியாக எடுத்தார். "சித்தப்பாவ வண்டி எடுத்துகிட்டு வரச் சொல்லு, ஓடு" என்று அம்மா கத்தினாள். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன்.

சித்தப்பா கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டைத் திறக்கவில்லை.

"வண்டி வேப்பூர்ல ஒர்க்‌ஷாப்புல நிக்குதும்மா. நேத்தே வுட்டுட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுல எதுனா டாக்சி இருக்குதா பாரு."

அவருக்குப் பின்னால் ஷெட்டின் தகரக் கதவு முழுக்கச் சாத்தாமல் இருந்தது. இடுக்கில் சாம்பல் நிறக் காரின் பின்புறம் வெயில் பட்டு மின்னியது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். அப்போதும் கேட்டைத் திறக்கவில்லை.

கடைசியில் சரக்கு ஏற்றும் லோடு ஆட்டோவில், ஃபியூஸ் கட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், வைக்கோல் மேல் அப்பாவைப் படுக்க வைத்துக் கடலூருக்குக் கொண்டுபோனோம். "ஏன் இவ்வளவு நேரம் கழிச்சு வந்தீங்க?" என்று அங்கே டாக்டர் கேட்டார். அம்மா அப்பாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா பிழைத்தார். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. வலது கை திரும்பவில்லை. சூளையில் வேலை செய்ய முடியாத அண்ணனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று ஆகி, கொஞ்ச நாளில் பட்டறை முழுக்கச் சித்தப்பாவுடையதாகிவிட்டது. அம்மா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் கொண்டுபோக முடியாத வழக்கை எழுதி முருகனிடம் கட்டிவிடுவோம். தீர்ந்துபோனால் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும். அம்மா வாபஸ் வாங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அப்பா மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கும் சேர்த்து நான் வெறுத்தேன்.

3

கார் வாங்கிய அன்று தம்பி குமாரிடம் போனில் சொன்னேன். "தெருவுல யாரு கேட்டாலும் வண்டிய எடு. பிரசவமோ, சாவோ, காசு வாங்காத. சித்தப்பா வூட்டு ஆளு மட்டும் ஒருத்தரும் ஏறக் கூடாது. அவரு கண்ணு முன்னாடி இந்த வண்டி ஓடணும்."

குமார் சொன்னபடி செய்தான். சித்தப்பா டீக்கடைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வண்டியைத் தெருவில் நிறுத்திக் கழுவுவான். நான் இங்கே பனியில் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு போன் போடுவேன்.

"பாத்தாரா?"

"பாத்தாருக்கா."

"என்ன செஞ்சாரு?"

"டீ குடிக்கப் போனாரு."

அது போதும் எனக்கு. அந்த வாரம் முழுக்க ஓடிவிடும்.

கிளட்ச் மாற்றினோம், டயர் மாற்றினோம். ஒவ்வொரு முறையும் மெக்கானிக், "எஞ்சினு கல்லு மாதிரி இருக்குதுங்க" என்றான். எதிரில் சித்தப்பா வீடு சரிந்துகொண்டே வந்தது. பீங்கான் கட்டைக்குப் பதிலாக வீடுகளில் சுவிட்ச் வைத்த பெட்டி வந்தது, ஆர்டர் நின்றது. பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. சாம்பல் நிறக் கார் இரும்புக்குப் போனது. பையன்கள் இரண்டு பேரும் பெங்களூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். சித்தி இறந்தார். கடைசியாக, சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று குமார் சொன்னான். ஒவ்வொரு செய்தியையும் நான் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன். ஐயோ பாவம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டேன். குமார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். போன் முன்னால் கண்ணாடியருகே நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அப்பா. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் போன் கொஞ்சம் திரும்பியது. பின்சீட்டில் ஒரு முகம்.

"யாருடா அது பின்னாடி?"

"அது... சும்மா, தெரிஞ்சவருக்கா."

"குமாரு, அது சித்தப்பா."

அப்பா போனைப் பார்க்கவில்லை. குமாரிடம், "ரோட்ட பாத்து ஓட்டு" என்றார். குமார் கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தான்.

பிறகு அவனே கூப்பிட்டுச் சொன்னான். சித்தப்பாவுக்கு வாரம் இரண்டு முறை கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை. அப்பாதான் ஏற்றிக்கொள்ளச் சொன்னாராம். அதுவும் பல மாதமாக.

"அப்பா எதுக்குக் கூடப் போறாரு?"

"தெரியலக்கா. அவருக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. ஆனா ஒரு நாளும் வுட மாட்டேங்கிறாரு."

"வண்டிய வித்துடு."

"நல்ல வண்டிக்கா. இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும்."

"ஓட வேணாம்."

4

வண்டி என் பெயரில் இருப்பதால் விற்பதென்றாலும் புதுப்பிப்பதென்றாலும் நான் கையெழுத்துப் போட வேண்டும். கோடை விடுமுறைக்கு இனியாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பதினான்கு வயது. வர விருப்பமில்லை. விமானத்தில் ஏறியதும் காதில் மாட்டியதைச் சென்னையில் இறங்கும்போதுதான் கழற்றினாள்.

கையெழுத்துக்கு முன்னால் கைபேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டும். ஆதாரில் கொடுத்திருந்த என் பழைய நம்பர் எப்போதோ காலாவதியாகி வேறு யாருக்கோ போயிருந்தது. போட்டுப் பார்த்தேன். திட்டக்குடியில் ஓர் ஆட்டு வியாபாரி எடுத்தார். பின்னால் ஆடுகள் கத்தின. "ஏம்மா, உனக்குத்தான் இந்த நம்பருங்க எல்லாம் வருதா? நான் லாட்டரின்னு நெனச்சேன். எழுதிக்கோ" என்று ஒவ்வொன்றாக வாசித்தார். பதினெட்டு வருடமாக அயல்நாட்டு அலுவலகங்களில் நான் பட்ட பாட்டுக்கு இந்த மனிதரைப் போல ஒருவர் அங்கே கிடைத்ததில்லை.

சேத்தியாத்தோப்பிலிருந்து வண்டி வாங்குபவர் ஒருவர் வந்தார். எஞ்சினை உறும விட்டுக் காது கொடுத்துக் கேட்டார். கதவைத் திறந்து பின்சீட்டைப் பார்த்து முகம் சுளித்தார். உறை கிழிந்து உள்ளே இருந்த மஞ்சள் ஸ்பாஞ்ச் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"எஞ்சின இவ்வளவு நல்லா வெச்சுகிட்டு, சீட்ட ஏங்க இப்படி வுட்டு வெச்சிருக்கீங்க?"

அதற்குள் அப்பா வெளியே வந்துவிட்டார். "விக்கலிங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

வந்தவர் என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் போனதும் நான் வெடித்தேன்.

"யாருக்காக இந்த வண்டிய வாங்கினேன்? உங்களுக்கு. அவருக்கு இல்ல."

"தெரியும்."

"புது வண்டி வாங்கித் தரேன்ப்பா. ஏசி நல்லா இருக்கும், கை வெச்சுக்க வசதியா இருக்கும். நீங்க மட்டும் போங்க."

"புது வண்டியில அவன ஏத்த முடியாது."

"ஏத்தவே வேணாம்னுதான சொல்றேன்!"

அப்பா இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை நீ ஓட்டு. வந்து பாரு" என்றார்.

5

வெள்ளிக்கிழமை காலை நான் ஓட்டினேன். ஜெர்மனியில் பழகிய கை, திரும்பும் விளக்கைப் போடப் போய் வைப்பரைப் போட்டது. வெயிலில் காய்ந்த கண்ணாடியை அது கிறீச்சென்று தேய்த்தது. இனியா பின்னால் உட்கார்ந்து சிரித்தாள்.

சித்தப்பா தன் வீட்டு கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "அஞ்சு மணிக்கே வந்து குந்திக்குவான்" என்றார் அப்பா. எவ்வளவோ முறை மனதில் நான் அடித்து நொறுக்கிய ஆள். இப்போது அடிக்க ஒன்றும் மிச்சமில்லை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு பாதிதான் நுழைந்திருந்தது. கையில் ஒரு பழைய வேட்டி மடித்து வைத்திருந்தார்.

"நல்லா இருக்கியா மலரு?" என்றார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

பின்கதவைத் திறந்தார். ஆனால் ஏறவில்லை. அப்பா திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "தண்டபாணி, துணி."

"இருக்குதுண்ணே."

"விரிச்சு உக்காரு. சீட்டு கவர் புதுசு."

அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று எனக்குப் பயம் வந்தது. சித்தப்பா அந்தக் கிழிந்த சீட்டின் மேல் வேட்டியை விரித்தார். சுருக்கம் எடுத்தார். ஓரங்களை இடுக்கில் செருகினார். பிறகுதான் உட்கார்ந்தார். இனியா தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். அங்கே துணி இல்லை.

நெய்வேலி தாண்டினோம். இனியா வளர்ந்த ஊரில் மனதில் பட்டதைக் கேட்டுவிடுவார்கள், கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். பெரியவர்களின் மௌனத்தைப் படிக்க நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

"சின்னத் தாத்தா, நீங்க மட்டும் ஏன் துணி மேல உக்காறீங்க? இது பழசு சீட்."

அவர் வெறுமனே சிரித்தார்.

"அம்மா சொன்னாங்க. தாத்தாவுக்கு உடம்பு கெட்டப்ப உங்க வூட்டுல கார் இருந்துச்சு, நீங்க இல்லன்னு சொன்னீங்க. அது உண்மையா?"

"இனியா!" என்றேன்.

"கேக்கட்டும்" என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அந்தக் கேள்வியைச் சித்தப்பாவிடம் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை. அம்மா முருகனிடம் போனாளே தவிர இவரிடம் வரவில்லை.

"இருந்துச்சும்மா" என்றார் சித்தப்பா.

"அப்ப ஏன் தரல?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "மொத நாளுதான் வண்டிக்குப் புது சீட்டு கவர் போட்டிருந்தேன். அப்பா வாந்தி எடுக்கறாருன்னு உங்கம்மா வந்து சொன்னா. கவர் வீணாப் போயிடுமேன்னு... அந்த நேரத்துக்கு அப்படித் தோணிப் போச்சும்மா."

வண்டியை ஓரம் கட்டினேன். இத்தனை வருடமாக நான் எவ்வளவு பெரிய காரணங்களை யோசித்து வைத்திருந்தேன்! பட்டறையைப் பிடுங்கத் திட்டம் போட்டார், அண்ணன் சாகட்டும் என்று நினைத்தார், பாட்டன் சொத்து, பழைய பகை. அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூட ஒரு மரியாதை. என் அப்பாவின் கை ஒரு சீட்டு உறைக்குப் போயிருக்கிறது.

"எறங்குங்க" என்றேன்.

சித்தப்பா கதவில் கை வைத்துவிட்டார்.

"நீ எடு வண்டிய. ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது" என்றார் அப்பா.

"அவரு சொன்னத கேட்டீங்களாப்பா?"

"எனக்கு அப்பவே தெரியும். உன் சித்தி ஆஸ்பத்திரிக்கு வந்து காலப் புடிச்சு அழுதுட்டு சொன்னா. வாய் தெறக்க முடியாம படுத்துக் கெடந்தேன், ஆனா காது கேட்டுச்சு." அப்பா முதல் முறையாகப் பின்பக்கம் திரும்பினார். என்னிடம்தான் பேசினார், பார்த்தது சித்தப்பாவை. "இங்க எறக்கி வுட்டா ஒரு நாளோட போச்சு. ஏத்திகிட்டுப் போனா வாரம் ரெண்டு நாளு."

சித்தப்பா கதவிலிருந்து கையை எடுத்தார். அவருக்கு இது புதுச் செய்தி இல்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எதற்காகத் தன்னை ஏற்றுகிறார்கள் என்று தெரிந்தேதான் விடியற்காலையில் நாற்காலி போட்டு உட்காருகிறார். வேறு வழியில்லை. துணியின் ஓரம் நழுவியிருந்தது. அதைச் சரிசெய்தார்.

நான் பதினைந்து வருடம் அவரை வெளியே நிறுத்தினேன். அவர் டீ குடிக்கப் போனார். அப்பா அவரை உள்ளே ஏற்றி உட்கார வைத்துவிட்டார். புது வண்டியில் ஏன் ஏற்ற முடியாது என்பதும் அப்போதுதான் விளங்கியது. புது சீட்டில் துணி விரிப்பது யாரும் செய்கிற மரியாதை. ஸ்பாஞ்ச் பிதுங்கும் இந்தச் சீட்டில், 'கவர் புதுசு' என்று கேட்டுக்கொண்டே விரித்தால்தான் அது சுடும்.

எனக்கு அப்பாமேல் பெருமையாக இருந்தது. அப்படி எழுதக் கூடாது என்று தெரியும். ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

6

வண்டியை விற்கவில்லை. பிரேக் விளக்கு மாற்றி, புகை பார்த்து, சோதனைக்குக் கொண்டுபோனோம். திட்டக்குடிக்காரர் கடைசி ஓ.டி.பி.யை வாசித்துவிட்டு, "முடிஞ்சுதா? இனிமே வராதா?" என்று கொஞ்சம் வருத்தமாகவே கேட்டார். பதிவு இன்னும் ஐந்து வருடத்துக்கு நீண்டிருக்கிறது. சோதனைக்கு முன்னால் சீட்டைத் தைத்துவிடலாமா என்று குமார் கேட்டான். "சீட்ட தொடாத" என்றோம் நானும் அப்பாவும் ஒரே நேரத்தில்.

இப்போது இங்கே இலை உதிரத் தொடங்கிவிட்டது. பக்கத்து மேசைக்காரியிடம், வண்டியை வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டோம் என்றேன். நல்லது, பழைய பொருளைத் தூக்கிப் போடாமல் இருப்பது பூமிக்கு நல்லது என்று பாராட்டினாள். மறுக்கவில்லை.

இனியாதான் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. முன்பு வீட்டில் பாதித் தமிழாவது பேசுவாள். இப்போது நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வருகிறது. போன வாரம் குமார் கூப்பிட்டபோது போனை என் கையிலிருந்து வாங்கி, "சின்னத் தாத்தா எப்படி இருக்காங்க?" என்று தமிழில் கேட்டாள். தெரிந்துகொண்டதும் போனைக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்திய டயாலிசிஸ் நாள். அன்றும் நான்தான் ஓட்டினேன். முந்தின இரவு நல்ல மழை. சித்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றார். கையில் ஒன்றும் இல்லை.

"துணி காயலண்ணே. கொடியில நனைஞ்சு போச்சு."

அப்பா நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார். ஜெர்மனியில் கடைக்காரப் பெண்ணுக்குக்கூட மூன்று முறை நன்றி சொல்லிப் பழகிய வாய் எனக்கு. 'பரவால்ல, ஏறுங்க சித்தப்பா' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. அப்பா தடுத்திருக்கமாட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். முடிவை என்னிடம் விட்டுவிட்டுத்தான் அவர் ரோட்டைப் பார்த்தார்.

நான் சொல்லவில்லை.

இனியா தன் மேல்சட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள். அதற்குள் சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பட்டறை நடத்திய காலத்தில் யார் முன்னாலும் அவர் தோளைவிட்டு இறங்காத துண்டு. அதை உதறி, கிழிந்த சீட்டின் மேல் விரித்து, நான்கு மூலையும் இழுத்துவிட்டு, மெல்ல ஏறி உட்கார்ந்தார்.

"அம்மா" என்றாள் இனியா.

பின்சீட்டு தெரியாதபடி கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பிவிட்டு, வண்டியை எடுத்தேன்.